4294967297: ஒரு பெரிய எண்ணைத் தாளும் பென்சிலும் கொண்டு ஆராய்வது எப்படி

பத்து இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, இது பகா எண்ணா பகு எண்ணா, பகு எண் என்றால் இதன் காரணிகள் யாவை என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோரின் கை கைப்பேசியைத்தான் தேடும். விடை நொடியில் வந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்த விடை எந்த வழியாக வந்தது என்பது தெரியாது. அடுத்த எண்ணைக் கொடுத்தால் மறுபடியும் கைப்பேசிதான். இந்தக் கட்டுரையில் 4294967297 என்ற ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் காரணிகளையும் பண்புகளையும் கையால் கண்டறியும் முறையைப் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். நீள்வகுத்தலும், ‘மீதி’ என்றால் என்ன என்ற தெளிவும் இருந்தால் போதும். கணக்குகளைக் கண்ணால் படித்துவிட்டுக் கடந்து போகாமல், ஒரு தாளில் கூடவே போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வேலை: எண்ணின் வடிவத்தைக் கண்டுகொள்வது

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 4,29,49,67,297. வாய்விட்டுச் சொன்னால், நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பெரிய எண்ணை ஆராயத் தொடங்கும்போது, அதற்கு ஒன்று முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்க்கும் பழக்கம் நல்லது. பல சமயங்களில் குட்டு அங்கேதான் உடையும். இங்கே ஒன்றைக் குறைத்தால் 4294967296 வருகிறது. இது 65536இன் வர்க்கம். 65536 என்பது 256இன் வர்க்கம். 256 என்பது 16இன் வர்க்கம். ஆக, 2ஐ முப்பத்திரண்டு முறை பெருக்கி, அதனோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது நம் எண்: 2³² + 1. இரும முறையில் எழுதினால் இரு முனைகளிலும் 1, நடுவில் முப்பத்தொரு பூச்சியங்கள், மொத்தம் 33 இலக்கங்கள்.

இதை நிரல் எழுதிச் சரிபார்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் 4294967295. நம் எண் அதைவிட இரண்டு கூடுதல். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சிறு நிரலில் இதைப் போட்டு வகுத்தபோது, எந்த எண்ணால் வகுத்தாலும் ஈவு 0, மீதி 1 என்றே வந்தது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான், முப்பத்துமூன்றாம் இலக்கத்துக்கு இடமில்லாமல் எண்ணே 1 ஆகச் சுருங்கிவிட்டது என்று புரிந்தது. 64 பிட் மாறியையே பயன்படுத்துங்கள்.

இந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16 என்று வைத்து ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640இல், இந்த வரிசையில் தொடர்ந்து வருபவை எல்லாமே பகா எண்கள்தாம் என்ற நம்பிக்கையைக் கடிதத்தில் எழுதினார். அதை நிறுவ முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். வரிசையில் அடுத்து நிற்பது நம் எண். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் இதைப் பற்றி ஆய்லரிடம் கடிதத்தில் கேட்டார். (இராமானுஜனோடு சேர்த்தே நாம் நினைக்கும் 1729 இங்கே ஆண்டாக வந்து நிற்பது தற்செயல்தான்.) 1732இல் ஆய்லர் இந்த எண்ணை உடைத்துக் காட்டினார். அவர் நடந்த பாதையில்தான் நாமும் நடக்கப் போகிறோம்.

இரண்டாம் வேலை: சில்லறைக் காரணிகளைக் கழித்துக் கட்டுவது

கடைசி இலக்கம் 7. ஆகவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 59. ஆகவே 3ஆலும் வகுபடாது. 7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம். இம்மூன்றின் பெருக்கற்பலன் 1001 என்பதால், எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்: 297 − 967 + 294 − 4 = −380. 380 என்பது இந்த மூன்றில் எதனாலும் வகுபடாததால் நம் எண்ணும் வகுபடாது.

வரிசையில் முன்னால் நிற்கும் ஐந்து எண்களையும் வகுத்துப் பார்க்காமலே விலக்கிவிடலாம். 3 × 5 × 17 × 257 × 65537 என்று பெருக்கினால் 4294967295 வருகிறது; அதாவது நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. ஆகவே அந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2தான். இதைக் கோல்ட்பாக்கே 1730இல் கவனித்திருந்தார்.

இனி வகுக்க வேண்டியவை எத்தனை? ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணியாவது அதற்கு இருக்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 65536ஐ ஒரு மயிரிழை தாண்டி நிற்கிறது. 65536க்குள் இருக்கும் பகா எண்கள் 6542. நாளொன்றுக்கு நூறு வகுத்தல் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கணக்கை மூடி வைத்துவிடுகிறார்கள். மூட வேண்டாம்.

மூன்றாம் வேலை: எந்தப் பகா எண்கள் காரணியாக இருக்கவே முடியும்?

இந்தப் படியைப் பொறுமையாகப் படியுங்கள். உழைப்பில் பெரும்பகுதியை மிச்சப்படுத்துவது இதுவே. ப என்ற பகா எண் 2³² + 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²ஐப் பஆல் வகுக்கும்போது மீதி −1. அதாவது சரியான மடங்குக்கு ஒன்று குறைகிறது. அதை வர்க்கப்படுத்தினால், 2⁶⁴இன் மீதி 1.

இப்போது 2, 4, 8, 16 என்று 2இன் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். எங்கோ ஓரிடத்தில் மீதி முதன்முறையாக 1 ஆகும். அதன்பின் பழைய மீதிகளே அதே வரிசையில் சுழன்று வரும். 64ஆம் இடத்தில் 1 வந்திருப்பதால், அந்தச் சுழற்சியின் நீளம் 64இன் ஒரு காரணி. ஆனால் அது 32இன் காரணியாக இருக்க முடியாது. இருந்தால் 32ஆம் இடத்திலும் 1 அல்லவா வந்திருக்க வேண்டும், அங்கே −1 நிற்கிறதே. 64இன் காரணிகளில் 32ஐ வகுக்காதது 64 ஒன்றுதான். ஆகவே சுழற்சியின் நீளம் மிகச் சரியாக 64.

இங்கே ஃபெர்மாவின் சிறு தேற்றம் கைகொடுக்கிறது: ப ஒற்றைப் பகா எண்ணானால், 2ஐ (ப − 1) முறை பெருக்கிப் பஆல் வகுத்தால் மீதி 1. எனவே (ப − 1) என்பது 64இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ப என்பது 64க + 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும் (க என்பது 1, 2, 3 போன்ற ஏதோ ஒரு முழு எண்). இதில் ஒரு வேடிக்கை உண்டு: இந்தத் தேற்றத்தையும் ஃபெர்மா அதே 1640இல்தான் கடிதத்தில் எழுதினார். பூட்டும் அவருடையது, சாவியும் அவருடையது. ஏனோ இரண்டும் சேரவில்லை.

64க + 1 வடிவ எண்களை எழுதிப் பார்ப்போம்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 6542 வகுத்தல்கள் இருந்த இடத்தில், 641 வரை போவதற்கு ஐந்தே வகுத்தல்கள். 1878இல் எதுவார் லூக்கா இதை இன்னும் இறுக்கி, காரணிகள் 128க + 1 வடிவில்தான் இருக்கும் என்று காட்டினார். காரணம் சுருக்கமாக இதுதான்: 8ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்ணைப் பொறுத்தவரை 2 என்பதே ஏதோ ஒரு வர்க்கத்தின் மீதியாக அமையும், அதனால் (ப − 1)இன் பாதியே 64இன் மடங்காகிவிடும். லூக்காவின் சல்லடையில் சலித்தால் 193, 449, 577 ஆகியவையும் உதிர்ந்துவிடும். 257ஐ முன்பே விலக்கிவிட்டோம். எஞ்சுவது 641.

நான்காம் வேலை: 641ஆல் வகுப்பது

நேரடியாக நீள்வகுத்தல் போடலாம். ஆனால் மீதி மட்டுமே தேவை என்றால், பெரிய எண்ணைத் தொடவே வேண்டியதில்லை. 65536ஐ 641ஆல் வகுங்கள்: 641 × 102 = 65382, மீதி 154. இனி 65536இன் இடத்தில் 154ஐ வைத்து வர்க்கப்படுத்துங்கள்: 154 × 154 = 23716. ஆனால் 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது, மீதி −1. 2³²இன் மீதி −1 என்றால், 2³² + 1இன் மீதி 0. முடிந்தது.

முதன்முதலில் இதைப் போட்டபோது 23716க்குப் பக்கத்தில் 23717ஐ எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மகிழ்ச்சியை நீங்களும் கையால் போட்டே அடைய வேண்டும். இதே வழியில் 193, 449, 577 ஆகியவற்றையும் சோதித்தால் நம் எண்ணின் மீதி முறையே 109, 325, 288 என்று வர வேண்டும். அப்படி வராவிட்டால் உங்கள் கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது.

வகுத்தலே இல்லாத ஒரு வழியும் உண்டு. 641 = 5 × 128 + 1; அதோடு 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி 5 × 2⁷இன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாம் சமன்பாட்டின்படி 5⁴இன் இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். ஆக, −2³²இன் மீதி 1. அழகான வழிதான், ஆனால் விடை தெரிந்த பிறகு தோன்றும் வழி இது. தேடிக்கொண்டிருப்பவருக்கு ஆய்லரின் சல்லடைதான் உதவும்.

ஐந்தாம் வேலை: மற்றக் காரணியை விசாரிப்பது

4294967297 ÷ 641 = 6700417. பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள், அது பிழை. 67 லட்சத்துச் சொச்சம் உள்ள இந்த எண் மேலும் உடையுமா என்று பார்த்தாக வேண்டும். இதன் எந்தப் பகாக் காரணியும் நம் எண்ணின் காரணியே என்பதால், அதுவும் 128க + 1 வடிவில்தான் இருக்கும். 6700417இன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றே தாண்டுகிறது. 641 முதல் 2588 வரை அந்த வடிவில் உள்ள எண்கள் பதினாறு. அவற்றில் 897, 1025, 1281, 1665, 2049, 2305, 2433 ஆகியவை 3ஆலோ 5ஆலோ வகுபட்டு விழும். 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2177 = 7 × 311, 2561 = 13 × 197. மிஞ்சுபவை 641, 769, 1153, 1409 என்ற நான்கு பகா எண்கள். இவற்றால் 6700417ஐ வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூச்சியமில்லை. ஆகவே 6700417 பகா எண். நான்கே வகுத்தலில் ஏழிலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று ஐயமின்றி நிறுவிவிட்டோம்.

அமெரிக்காவில் 1804இல் பிறந்த சேரா கோல்பர்ன் என்ற சிறுவன், மனக்கணக்குத் திறனுக்காக லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, இந்த எண்ணுக்கு 641 என்ற காரணியை மனத்துக்குள்ளேயே கண்டு சொன்னதாகக் கூறப்படுகிறது. நமக்குத் தாள் இருக்கிறது, அவசரமில்லை.

காரணிகள் கிடைத்தால் கூடவே கிடைப்பவை

பகாக் காரணிகள் இரண்டே என்பதால், நம் எண்ணின் வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. இவற்றின் கூடுதல் 642 × 6700418 = 4301668356. எண்ணை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 6701059 மட்டுமே. எண்ணைவிடக் குறைவு என்பதால் இது ‘குறை எண்’ வகையைச் சேரும். 1 முதல் நம் எண் வரை, அதனோடு பொதுக் காரணி ஏதுமில்லாத எண்கள் 640 × 6700416 = 4288266240. அதாவது 429 கோடிக்கு மேற்பட்ட எண்களில், இதனோடு காரணியைப் பகிர்ந்துகொள்பவை ஏறத்தாழ 67 லட்சம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைத் தொட்டால் காரணி சிக்குவதற்கு 641இல் ஒரு வாய்ப்பு என்ற கணக்கு.

ஆறாம் வேலை: இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதுவது

இந்த எண்ணின் பண்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நம் எண் 65536² + 1² என்பது பார்த்தவுடனே தெரிகிறது. காரணிகளையும் அப்படி எழுதலாம்: 641 = 25² + 4²; 6700417 = 2556² + 409². இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக அமைந்த இரு எண்களைப் பெருக்கினால், பெருக்கற்பலனும் அப்படியே அமையும், அதுவும் இரண்டு வழிகளில் அமையும் என்பது ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் தந்த முற்றொருமையிலிருந்து வருவது. போட்டுப் பார்ப்போம். 25 × 2556 = 63900; 4 × 409 = 1636. 25 × 409 = 10225; 4 × 2556 = 10224.

முதல் சோடியைக் கூட்டி, இரண்டாம் சோடியைக் கழித்தால் 65536, 1. தெரிந்த பழைய வடிவமே. முதல் சோடியைக் கழித்து, இரண்டாம் சோடியைக் கூட்டினால் 62264, 20449. ஆகவே 62264² + 20449² என்பதும் 4294967297தான். வர்க்கங்கள் 3876805696, 418161601; கூட்டிச் சரிபாருங்கள். 20449 என்பது 143இன் வர்க்கம் என்பது கேட்காமலே கிடைத்த கொசுறு.

ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். இரண்டு வழிகள் கிடைத்துவிட்டால் அது பகு எண் என்பது உறுதி. அதுமட்டுமன்றிக் காரணியையும் அங்கிருந்தே பிடித்துவிடலாம் என்று காட்டியவரும் ஆய்லரே. 65536 − 62264 = 3272; 20449 − 1 = 20448; இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 8. 65536 + 62264 = 127800; 20449 + 1 = 20450; இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 641 வந்து நிற்கிறது. இரண்டாம் வடிவத்தைக் காரணிகளின் துணையோடுதான் இங்கே எளிதாகப் பெற்றோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைத் தனியாகத் தேடுவது பெரிய வேலை.

ஏழாம் வேலை: 2ஐச் சாட்சியாக நம்பாமல் இருப்பது

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, ஃபெர்மாவின் சிறு தேற்றத்தையே சோதனையாகத் திருப்பிப் போடும் வழக்கம் உண்டு: எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். நம் எண்ணிடம் இந்தச் சோதனை ஏமாந்துபோகிறது. 2³²இன் மீதி −1, 2⁶⁴இன் மீதி 1. எண்ணைவிட ஒன்று குறைவான 4294967296 என்பது 64இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும். எண்ணோ பகு எண். இத்தகையவற்றைப் போலிப் பகா எண்கள் என்பர்.

3ஐச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் உண்மை வெளிவரும். 641ஐப் பொறுத்தவரை 3இன் அடுக்குகள் தரும் மீதிகளின் சுழற்சி நீளம் 640. 4294967296 என்பது 2இன் அடுக்கு. அதில் 5 என்ற காரணி கிடையாது. ஆகவே அது 640இன் மடங்காக முடியாது, மீதியும் 1 ஆக முடியாது. ஃபெர்மா வரிசை எண்களைச் சோதிக்க 3ஐப் பயன்படுத்தும் முறையை 1877இல் பெப்பன் வகுத்துத் தந்தார். இன்றும் கணினிகளில் அதுவே பயன்படுகிறது.

பக்கத்து எண்ணும் அடுத்த எண்ணும்

ஓர் எண்ணின் பண்பு சில வேளைகளில் பக்கத்து எண்ணோடு ஒப்பிடும்போதே துலங்கும். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்ற பழைய கேள்விக்கு, 1796இல் காஸ் 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டி வழி திறந்தார். 1837இல் வான்ட்செல் மறுபாதியை நிறுவி முடித்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அது ஃபெர்மா வரிசையில் உள்ள வெவ்வேறு பகா எண்களின் பெருக்கமாகவே இருக்க வேண்டும். 4294967295 அந்த ஐந்தின் பெருக்கம் என்பதால், அத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணத்தைக் கொள்கையளவில் வரையலாம். ஒற்றைப்படையில் இன்றுவரை அறியப்பட்ட மிகப் பெரியது அதுவே. இரண்டு பக்கம் கூடி 4294967297 ஆனால், 641 குறுக்கே நிற்பதால் வரைய முடியாது.

641ஐ விடுவதற்கு முன் 1ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பின் 0015600624024960 என்ற பதினாறு இலக்கங்களும், தொடர்ந்து 9984399375975039 என்ற பதினாறும் வந்து, முப்பத்திரண்டு இலக்கங்களுக்கு ஒருமுறை எல்லாம் திரும்பி வரும். இரண்டு பாதிகளையும் கூட்டினால் பதினாறு ஒன்பதுகள். இங்கும் ஒரு 32 வந்து நிற்பதன் காரணத்தை, 10⁸ஐ 641ஆல் வகுத்து, வரும் மீதியை நான்காம் வேலையில் வந்த மீதியோடு ஒப்பிட்டால் கண்டுகொள்வீர்கள்.

இந்த முறைகள் கைக்குப் பழகிய பிறகு, வரிசையில் அடுத்து நிற்கும் 2⁶⁴ + 1ஐ, அதாவது 18446744073709551617ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் லாண்ட்ரி உடைத்த எண் அது. அதன் பகாக் காரணிகள் 256க + 1 வடிவில்தான் இருக்கும் என்பதை மூன்றாம் வேலையில் சொன்னதுபோலவே நீங்களே நிறுவிவிடலாம். கவுக்கு 1, 2, 3 என்று கொடுத்துக்கொண்டே, பகு எண்களைத் தள்ளிவிட்டுப் போனால், 1071ஆம் இடத்தில் 274177 காத்திருக்கிறது.